பூஜை அறை: சோதிக்கப்பட்டது

இறந்தவர்களை விசாரிக்கும்போது அவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக் கூடாது என வழிகாட்டி நூலில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்தவள் என்ற உரிமையில் சப்-இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி இதை அடித்துச் சொல்லுவாள். அப்படிக் கேட்க ஒருத்தி விருதுநகரில் உட்கார்ந்திருப்பாள் என்று அந்த நூலை எழுதிய வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நூலின் பெயர் 'மின்னணுத் தடயங்களைச் சேகரித்தலும் பகுத்தாய்தலும்: புலனாய்வாளருக்கான வழிகாட்டி'. அதைத் தமிழாக்கியது ஓர் இயந்திரம். "இயங்கும் கருவியை உயிருடன் பிடிக்கவும்" என்பது போன்ற வாக்கியங்கள் அதில் நிறைய உண்டு. மாவட்டத்தின் மின்தடயப் பிரிவில் இருந்த மற்றவர்கள் அந்த நூலை ஆடும் மேஜைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினார்கள். செண்பகவல்லி அதற்கு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்தாள். படித்தாள் என்பதைவிடப் பாராயணம் செய்தாள் என்பதே பொருத்தம்.

அது 2049ஆம் வருடம். ஒரு மனிதன் தொடுகிற பொருள் எல்லாம் அவனைப் பற்றி எதையாவது எழுதி வைத்துக்கொள்ளும் காலம். கைப்பேசியை விடுங்கள், கைக்கடிகாரம், கட்டில், மின்விசிறி, சோறு வடிக்கும் குக்கர் எல்லாவற்றுக்கும் ஞாபகசக்தி இருந்தது. ஒருவர் இறந்துபோனால் இந்த ஞாபகங்களை எல்லாம் அள்ளி ஓர் இயந்திரத்தில் கொட்டுவார்கள். அவருடைய குரலில், அவருடைய பேச்சில், அவருடைய நினைவில் ஒன்று எழுந்து பேசும். அதற்குச் சாயல் என்று பெயர். நீதிமன்றம் சாயலின் சொல்லை முதல்தரச் சான்றாக ஏற்றது. உயிரோடு இருக்கும் மனிதர்களின் சொல் மூன்றாம் தரம். மனிதர்கள் மறக்கிறார்கள், பயப்படுகிறார்கள், சொந்தக்காரர்களாகவும் இருந்து தொலைக்கிறார்கள் என்பது சட்டம் போட்டவர்கள் சொன்ன காரணம்.

செண்பகவல்லி இதுவரை பதினோரு சாயல்களை விசாரித்திருந்தாள். எல்லோரிடமும் முதல் கேள்வி அதேதான். உயிரோடு வரும் திருடனிடம் கேட்பாள், புகார் கொடுக்க வரும் கிழவனிடம் கேட்பாள், செத்தவர்களை மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அவள் கட்சி. பதில்களும் விதவிதமாக வந்தன. ஜேப்படிக்காரர் ஒருவரின் சாயல் "நீங்க வாங்கித் தந்தா சாப்பிடலாம்" என்றது. வக்கீல் ஒருவரின் சாயல் இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று மடக்கியது. விபத்தில் போன டீச்சர் ஒருவரின் சாயல், பதில் சொல்லாமல், நீ சாப்பிட்டியா என்று திருப்பிக் கேட்டது.

பன்னிரண்டாவது சாயல் சிவகாசி சங்கரபாண்டியனுடையது.

தீப்பெட்டி லேபிள் அச்சடித்து ஓய்ந்தவர். வயது எழுபத்தெட்டு. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு வருடமாகக் கட்டிலும் உப்புமாவும். ஆனால் வாய் மட்டும் கடைசிவரை எழுந்து நடமாடியது. தெருவில் அவரிடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி இறந்துபோனார். அன்று இன்சுலின் ஊசி இரண்டு தடவை போடப்பட்டதாக ஊசிப்பேனாவின் ஞாபகம் சொன்னது: காலை ஏழு மணிக்கு ஒன்று, பன்னிரண்டு இருபதுக்கு இன்னொன்று. யார் போட்டார்கள் என்று பேனாவுக்குத் தெரியாது.

வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டது எஸ்தர் கிருபா என்ற நர்ஸ். காலை ஊசி மட்டுமே தான் போட்டதாகவும், ஒன்பது மணியிலிருந்து ஒன்றரை மணிவரை சர்ச்சில் இருந்ததாகவும் அவள் சொன்னாள். அந்தச் சர்ச்சில் ஆராதனை முடியும்வரை எல்லோருடைய கைப்பேசியையும் அணைத்து ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். ஆக, அவள் அங்கே இருந்ததற்கு ஆண்டவரும் நூற்று நாற்பது விசுவாசிகளும்தான் சாட்சி. சட்டப்படி அந்த நூற்று நாற்பது பேரின் சொல் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் சொல்லுக்குக் கீழே. ஆண்டவரை எந்தத் தரத்தில் வைப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

சங்கரபாண்டியனின் அண்ணன் மகன் குணாளன் கல்யாண வீடியோ எடுப்பவன். இறந்துபோன தாத்தா பாட்டிகள் மணமக்களை வாழ்த்துகிற மாதிரி குரலும் உருவமும் செய்து கொடுப்பதில் மாவட்டத்திலேயே பேர் வாங்கியவன். அன்றைக்குச் சித்தப்பாவைப் பார்க்க மட்டன் குழம்போடு வந்தவனும் அவன்தான். போலீஸுக்கு எதற்கு வீண் சிரமம் என்று, செவ்வாய்க்கிழமையே சித்தப்பாவின் கைப்பேசி, கடிகாரம், கட்டிலின் ஞாபகவில்லை எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்தான். இன்ஸ்பெக்டர் தெய்வேந்திரன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இறந்த நேரத்துக்கும் ஒப்படைத்த நேரத்துக்கும் இடையில் கருவி யார் கையில் இருந்தது என்ற கட்டத்தில் "உறவினர் அன்புடன் பாதுகாத்தார்" என்று எழுதினார்.

விசாரணை நாளில் திரையில் சங்கரபாண்டியன் தெளிவாக எழுந்தார். நெற்றியில் விபூதிகூட இருந்தது.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்றாள் செண்பகவல்லி.

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். பிறகு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. எஸ்தர் பாதி ஆராதனையிலேயே திரும்பி வந்தாள். இரண்டாவது ஊசி போட்டாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோர்ட்டில் அப்படியே வாசிக்கலாம் போன்ற வாக்கியங்கள். தெய்வேந்திரன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலமே எஸ்தரைக் கைது செய்து கிளைச்சிறையில் வைத்தார்கள்.

செண்பகவல்லிக்கு அந்த ஒற்றை வார்த்தை பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. ஊரையே ஏசின மனுஷன், இரண்டு வருடம் படுக்கையில் உப்புமா தின்ற மனுஷன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வார்த்தையோடு நிறுத்துவாரா? மருத்துவ அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். யாரும் புரட்டாத மூன்றாம் பக்கத்தில், டாக்டரின் கோழிக்கிறுக்கலில், வயிறு காலி என்று இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டர் மனிதர்தானே, மூன்றாம் தரம் என்றார் அவர். சாயல் சாப்பிட்டேன் என்று சொல்கிறதே, வயிறு சொல்லவில்லையே என்று அவள் விடாமல் நின்றாள்.

"ஏம்மா, உப்புமாவ வச்சு கேஸ் நடத்தச் சொல்றியா?" என்றார் தெய்வேந்திரன். "போயி சார்ஜ் ஷீட்டத் தட்டு."

அவள் போனது கிளைச்சிறைக்கு. போகிற வழியில் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொண்டாள்.

எஸ்தருக்கு நாற்பது வயதிருக்கும். கம்பிக்குப் பின்னால் வந்து நின்றபோது, நோயாளி யாரோ கூப்பிட்ட மாதிரி முந்தானையைச் சொருகிக்கொண்டே வந்தாள். செண்பகவல்லி பன்னை நீட்டி, சாப்பிட்டீங்களா என்றாள். கைதான ஐந்து நாளில் எல்லோரும் அவளிடம் ஊசியைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். எஸ்தர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே தின்றாள். கொஞ்சம் தண்ணீர் குடித்து மூச்சு விட்டபின், ஐயாவிடமும் இப்படிக் கேட்டீர்களா என்று விசாரித்தாள்.

"கேட்டேன். சாப்பிட்டேன்னாரு."

"வெறுமனயா?"

"வெறுமனதான்."

எஸ்தர் தலையை ஆட்டினாள். "அது ஐயா இல்லம்மா. ஐயாகிட்டச் சாப்பிட்டீகளான்னு கேட்டா, என்னத்தன்னு ஆரம்பிச்சு அடுப்பு மூட்டுனவன் வரைக்கும் ஏசுவாக. ஏசி முடிச்சிட்டு நீ தின்னியாம்பாக. நான் வேதத்துக்காரி, அவுக விபூதி பூசுறவுக. ஞாயித்துக்கெழம வெறும் வயித்தோட சர்ச்சுக்குப் போகக் கூடாதுன்னு சண்ட போடுவாக. ஒங்க சாமி பட்டினி கேக்குதான்னு."

அப்புறம் அவள் ஐயாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். இடுப்பு வலி வரும்போதெல்லாம் முருகா என்பாராம். கட்டில் கிடந்த கூடத்தை ஒட்டித்தான் பூஜை அறை. அங்கே ஒரு மணிமேளப் பெட்டி இருந்தது. கோயிலில் சுவரில் மாட்டியிருப்பதன் வீட்டு அளவு. சேமக்கலமும் முரசும் தானே அடிக்கும். முருகா என்றால் விழித்துக்கொள்ளும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். விழித்து, நீல விளக்கைப் போட்டுக்கொண்டு, மணி அடி என்ற உத்தரவுக்காக ஒரு நிமிடம் காத்திருக்கும். உத்தரவு வராவிட்டால் தூங்கிவிடும். "வலியில முருகாம்பாக, அது கண்ண முழிக்கும். ஒன்னயக் கூப்புடலடா, படுறாம்பாக. எங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நான் வாசப்படியிலேயே நின்னுக்கிடுவேன். சாமி ரூம்பு, நான் எதுக்கு உள்ள போகணும்?"

செண்பகவல்லி சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் காத்திருக்கிற எந்தப் பெட்டியும் அந்த ஒரு நிமிடத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். சேவையை மேம்படுத்துவதற்காம். இது அவள் பாராயணம் செய்த ஒன்பதாம் விதி: பயனற்றதாகத் தோன்றும் கருவியையும் விடாதே.

அலுவலகத்துக்கு வந்து வீட்டைச் சோதித்த பட்டியலை எடுத்தாள். பதினான்காவது வரி: "பூஜை அறை: சோதிக்கப்பட்டது." கையெழுத்து அவளுடையது.

சோதனை நடந்த அந்தப் புதன்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலில் பூட்ஸ் இருந்தது. கழற்றச் சோம்பல். பூட்ஸோடு உள்ளே போகப் பயம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வேலும் மயிலுமாக முருகன் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகளுக்கு நல்ல மார்க் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, திரும்பிவிட்டாள். கும்பிட்டதைச் சோதித்ததாக எழுதியிருக்கிறாள். கூட வந்த ஏட்டு காதர் மைதீனைக் கூப்பிட்டு, நீங்களாவது உள்ளே போனீர்களா என்று கேட்டாள். அவர் திகைத்துப் போனார்.

"அவங்க சாமி ரூம்புக்குள்ள நான் எப்பிடிம்மா? மரியாதையா இருக்காதே. நீங்க கும்பிட்டீங்க, நானும் தொப்பிய எடுத்துட்டு நின்னேன்."

ஆக, ஒரே அறைக்கு வெளியே எல்லா மதத்துக்காரர்களும் அவரவர் மரியாதையோடு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஒரே சாட்சியை யாரும் தொடவில்லை.

இப்போது அந்தப் பெட்டியை எடுக்கப் போவதானால் பதினான்காவது வரி பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தெய்வேந்திரன் அவளை உட்கார வைத்து நிதானமாகப் புத்தி சொன்னார். புதிய தகவல் கிடைத்தது என்று போட்டுக்கொள்ளலாம், வரியைத் தொட வேண்டாம், பதவி உயர்வுப் பட்டியல் வருகிற நேரம். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருடம் காகிதங்களோடு வாழ்ந்தவர். செண்பகவல்லி தன் மேஜைக்கு வந்தாள். கண்ணாடிக்கு அடியில் பழநியிலிருந்து வாங்கிவந்த சின்ன முருகன் படம் இருந்தது. அவனைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல யோசனை எதுவும் சொல்லவில்லை. ஆனால் கம்பிக்குப் பின்னால் பன்னைப் பிடித்திருந்த கை கண் முன்னால் வந்தது. "பூஜை அறையை நான் சோதிக்கவில்லை. வாசலில் நின்று சாமி கும்பிட்டேன். பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியபின் கொஞ்சம் பசித்தது.

மறுநாள் காலை சிவகாசிக்குப் போனபோது அந்த வீட்டில் தீட்டுக்குப் பதினைந்தாவது நாள். அடுத்த நாள் காரியம் முடிந்தால் ஐயர் வந்து தண்ணீர் தெளிப்பார். வீட்டைக் கழுவி, பூஜை அறையைத் திறந்து விளக்கேற்றுவார்கள். குணாளன் மழிக்காத தாடியோடு வந்து கதவைத் திறந்தான். சித்தப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். பூஜை அறையைப் பார்க்க வேண்டும் என்றதும் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"தீட்டு மேடம். நாங்களே பதினஞ்சு நாளா உள்ள போகல."

"நீங்க பங்காளி. எனக்கு என்ன தீட்டு?" என்றாள் செண்பகவல்லி.

அவன் முகத்தில் எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. அந்த மரியாதையான சித்தப்பாவைச் செய்தது இவனாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு வழியெல்லாம் சந்தேகம். பொய்க்குரல் செய்கிறவனுக்குச் சாமி ரூமில் காது இருக்கும் என்று தோன்றவே இல்லை. கூடத்துக் கருவிகளின் ஞாபகத்தை எல்லாம் தனக்குத் தோதாகத் துடைத்தவன், தீட்டோடு உள்ளே கால் வைத்தால் சாமி குற்றமாகிவிடும் என்று அந்த அறையை மட்டும் விட்டிருக்கிறான். பாவத்துக்குப் பயப்படாதவனும் தீட்டுக்குப் பயப்பட்டதில் அவளுக்கு அவன் மேல் கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் வந்தது.

இங்கே ஒரு சிக்கல். தடயம் உள்ள அறைக்குக் காலுறை போட்டுத்தான் போக வேண்டும் என்றது வழிகாட்டி. வெறுங்காலோடு போ என்றது வளர்ப்பு. பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, முருகனும் நிபுணர்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளே நுழைந்தாள். காதர் வாசலில் நின்று, பிஸ்மில்லா சொல்லி, காமிராவைப் பிடித்தார். எதிர்வீட்டு டைலர் சாட்சிக்கு நின்றார். காய்ந்த செவ்வந்திச் சரத்துக்குக் கீழே பெட்டி சிவப்பு விளக்கோடு தூங்கிக்கொண்டிருந்தது. அணைக்காமல், எழுப்பாமல், சிக்னல் புகாத பையில் அதை அப்படியே இறக்கினாள். அந்த நேரம் பார்த்து டைலர் பெருமூச்சு விட்டு முருகா என்றார். பெட்டி நீலக் கண்ணைத் திறந்தது. செண்பகவல்லி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த ஒரு நிமிடத்தையும் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் குணாளன் அந்த நீலத்தைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

பெட்டிக்குள் இரண்டு வருடத்து முருகாக்கள் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நகல் எடுத்து, அதன் கைரேகை எண்ணைக் குறித்து, ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும் என்பது விதி. பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். காதரும் அவளும் மூன்று பகல் உட்கார்ந்து கேட்டார்கள். இன்பமாக இருக்கும்போது யாரும் முருகா என்று கூப்பிடவில்லை. அதனால் பெட்டியில் இருந்தது முழுக்க வலி. முருகா, இடுப்பு. முருகா, இந்தப் புண்ணு. முருகா, உப்புமாவா மறுபடியும். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்ச தூரத்திலிருந்து எஸ்தரின் குரல்: இந்தா வந்துட்டேன் ஐயா. கூப்பிட்ட கடவுள் வந்தாரா என்று பெட்டிக்குத் தெரியாது. எஸ்தர் வந்தாள் என்பது ஆயிரத்துச் சொச்சம் தடவை பதிவாகியிருந்தது. மூன்றாம் நாள் காதரே நாற்காலியை விட்டு எழும்போது முருகா என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

கடைசி ஞாயிறு, பன்னிரண்டு பத்தொன்பது:

"முருகா, காலையிலயே அந்தப் புள்ள போட்டுட்டுப் போச்சுடா."

"சும்மா இருங்க சித்தப்பா. மட்டன் தின்னா சுகர் ஏறும். போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க."

"எனக்கு ஒன் மட்டனும் வேணாம், மசுரும் வேணாம்."

"வேணாம்னா போங்க."

அதற்கப்புறம் தட்டு நகரும் சத்தம். டி.வி. சத்தம். ஒரு மணி நாற்பதுக்கு அடுத்த முருகா. அது சங்கரபாண்டியனின் குரல் இல்லை. குணாளன், பதறிய குரலில், முருகா முருகா என்று கூப்பிட்டு, யாருக்கோ போன் போட்டு, நான்தான்டா ரெண்டாவது ஊசி போட்டுட்டேன், பேச்சு மூச்சில்ல, என்ன செய்ய என்று அழுதுகொண்டிருந்தான். பெட்டியை எழுப்பியது அவனே.

கொலை செய்ய அவன் வரவில்லை. குழம்போடு வந்தான். சித்தப்பா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கோபித்துக்கொண்ட கிழவரைச் சமாதானம் செய்து ஒரு வாய் ஊட்டாமல், தன் பங்கைத் தின்றுவிட்டு டி.வி. முன்னால் படுத்தான். இரண்டு ஊசிக்கு மேல் வெறும் வயிறு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஒருதடவை திரும்பி, சாப்பிட்டீங்களா சித்தப்பா என்று கேட்டிருந்தால் அவர் ஏசியிருப்பார், ஏசிக்கொண்டே தின்றுமிருப்பார். பயத்தில் செய்த காரியம்தான் பெரிய பாவமானது: தனக்குத் தெரிந்த தொழிலில் ஒரு பொய்ச் சித்தப்பாவைச் செய்து, ஒரு பாவமும் அறியாதவளைக் கம்பிக்குப் பின்னால் தள்ளினான். கல்யாண வீட்டில் வாழ்த்துகிற தாத்தாக்களையே செய்து பழகிய கை. அதனால்தான் சாயல் அவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறது.

அவனை எதிரில் உட்கார வைத்தபோது செண்பகவல்லி அவனிடமும் கேட்டாள். "சாப்பிட்டியாப்பா?"

"பதினேழு நாளா ஒண்ணும் எறங்கல மேடம்," என்றான். டீயும் பன்னும் வந்தன. தின்று முடித்து, துடைத்த ஞாபகங்களின் அசல் எங்கே ஒளித்திருக்கிறது என்பது முதல் எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னான்.

அசலை வைத்துச் சங்கரபாண்டியனை மறுபடி எழுப்பினார்கள். இந்தத் தடவை நீதிபதியும் வந்திருந்தார். திரையில் விபூதி இல்லை; நாலு நாள் தாடியும் முறைக்கிற கண்ணும் இருந்தன. சாப்பிட்டீங்களா ஐயா என்றாள்.

"என்னத்தச் சாப்பிட? ரவையா அது, ஆத்து மணலு. கிண்டுனவன் கையில கட்ட மொளைக்க. நீ யாரு, போலீஸா? இந்தச் சட்ட போட்டவன்லாம் ஒரு காலத்துல எங்க அச்சாபீஸ்ல வந்து ஓசிக் காலண்டருக்கு நின்னவனுக." தெய்வேந்திரன் கூரையைப் பார்த்தார். சாயல் மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அது கெடக்கட்டும். அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா? ஞாயித்துக்கெழம பட்டினியாப் போகும். சொன்னாக் கேக்காது."

நீதிபதி அதற்குமேல் எஸ்தரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் வெளியே வந்தாள். சிறைவாசலில் நூற்று நாற்பது மூன்றாம் தரச் சாட்சிகளும் கூடி நின்று பாட்டுப் பாடியதில் போக்குவரத்து அரைமணி நேரம் நின்றது. செண்பகவல்லியின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து ஒரு வருடம் பின்னுக்குப் போனது. பொய் வரி எழுதியதற்கு அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

சில மாதம் கழித்துக் குணாளன் மீதான தீர்ப்பு உறுதியானது. எண்பத்தெட்டாம் விதிப்படி சாயலை ஒரு நாளைக்குள் அழிக்க வேண்டும். கெடு அன்று சாயங்காலம் நான்கு மணி. செண்பகவல்லி மூன்றரைக்கே கோர்ட்டுக்குத் தனியாகப் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மனசு கேட்காமல் ஒருதடவை எழுப்பினாள். வழக்கு முடிந்தது, எஸ்தருக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்தது என்று சொன்னாள். சங்கரபாண்டியன் அந்த வீட்டுக்காரர்களை ஏசினார். பிறகு அவளை உற்றுப் பார்த்தார்.

"மொகம் வாடியிருக்கே. நீ சாப்பிட்டியாம்மா?"

அன்று கிருத்திகை விரதம். அவள் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். முப்பத்தொன்றாம் விதி குறுக்கே வந்தது: சாயலிடம் பொய் சொல்லக் கூடாது. அது கேட்கும் பொய்யும் அதன் ஒரு பகுதியாகிவிடும். இல்லை என்று உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் கவலையோடு போவார்.

கொஞ்சம் இருங்க ஐயா என்று எழுந்தாள். கோர்ட் கேண்டீனில் தக்காளி சாதம்தான் மிச்சம் இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டாள். முருகனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். அவனை யாரும் நான்கு மணிக்கு அழிக்கப் போவதில்லை. திரும்பி வரும்போது மணி நான்கேகால்.

"சாப்பிட்டேன் ஐயா. தக்காளி சாதம்."

"ஊறுகா?"

"தீந்துபோச்சாம்."

"ஊறுகா இல்லாம என்ன கேண்டீன் நடத்துறானுக," என்றார் அவர், வெகு திருப்தியாக.

அவள் அழிக்கும் விசையை அழுத்தினாள். பிறகு படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். கடைசியில், விதித்த நேரத்தைத் தாண்டிய தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கணினிக் கோளாறு என்று போடுவதுதான் அலுவலக வழக்கம். செண்பகவல்லி பேனாவை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சாப்பிடப் போயிருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.